கொழுக்கட்டைக்கு எத்தனை எழுத்து

பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், போடுவதை அதற்கு முன்னால் போட்டுவிடுங்கள் என்று என் வீட்டுக்காரி உலகு அடுக்களையிலிருந்து சொன்னதால், பத்து இருபதுக்கே பொத்தானை அழுத்திவிட்டேன். ராகு காலத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்தப் பதினேழு மாதமாக நம்பிக்கை இல்லாத காரியங்களைத்தான் ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருக்கிறேன், இதையும் செய்தால் என்ன குறைந்துவிடப் போகிறது. மகன் காசியின் பழைய கம்ப்யூட்டர் ஒரு தரம் செருமிவிட்டு எழுந்தது. உள்ளே ஃபேன் கரகரவென்று சுற்றுகிறது. அவன் இருந்தபோதும் இப்படித்தான் சுற்றும், அப்போது இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பகலெல்லாம் இது ஓடுகிறதே, பெற்ற பிள்ளை ஓட மாட்டேன் என்கிறானே என்று. இனிமேல் இது கம்ப்யூட்டர் இல்லை, ரவுட்டர். வைகாசியில் விழுந்த இடியில் நெட்டுக்கு வைத்திருந்த சின்ன வெள்ளை டப்பா புகைந்து செத்துப்போனது. கேபிள் ஆபீஸ்காரர் வந்து, வெளியிலிருந்து வரும் ஒயரின் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு, "புது ரவுட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க சார்வாள், இந்த ஓட்டப் பெட்டிய வச்சிக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டுதீய?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். முப்பத்தோரு வருஷம் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்ட் போட்டவன் நான். தென்காசியில் பாதித் தெருவுக்கு அடியில் இந்தக் கோமதிநாயகத்தின் கைமுடிச்சு கிடக்கிறது. குழிக்குள் குத்தவைத்து இருநூறு ஜோடிக் கம்பியை நிறம் பார்த்துப் பிரித்தவனுக்கு இரண்டு ஒயர் ஒரு காரியமா. பெட்டியின் முதுகில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டி, ஒன்றில் 'வெளி' என்றும் இன்னொன்றில் 'உள்' என்றும் எழுதியிருக்கிறேன். வெளியிலிருந்து நெட் வந்து நுழையும் ஓட்டை ஒன்று. உள்ளுக்கு, பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த, ஆன்டெனா என்று இரண்டு கொம்பு வைத்த கார்டு, அதுதான் வீட்டுக்குள் காற்றில் அனுப்பும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று குறித்துவைத்துக்கொள்வதும் இதன் வேலைதான். வாட்ச்மேன் வேலை. எனக்கும் இப்போது அதே உத்தியோகம்தான்.

டப்பாவே வாங்கியிருக்கலாம். ஆனால் டப்பாவுக்கு ஞாபகம் கிடையாது. அந்தந்த நிமிஷத்தில் யார் போன் வந்து ஒட்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் காட்டும், அவ்வளவுதான், ஆள் நகர்ந்தால் வரியும் அழிந்துபோகும். அந்தப் பட்டியலைப் பார்க்கும் வழியைக் காசிதான் எப்போதோ ஒரு நல்ல நாளில் என் போனில் காட்டிக்கொடுத்தான். அவன் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும், வேறு வேலை இல்லாமல் அதைத் திறந்தேன். முதல் வரி உலகுவின் போன், அதற்கு 'அம்மா' என்று அவன்தான் பேர் வைத்திருந்தான். இரண்டாவது வரி நான், 'அப்பா'. மூன்றாவது வரியில் காசி என்று இருந்தது. நாலே நாலு இங்கிலீஷ் எழுத்து. சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். டிரான்ஸ்பார்மர், அதன் அடியில் படுத்திருந்த நாய், சைக்கிளில் போன உப்புக்காரர். வேறு யாரும் இல்லை. திரும்பி வந்தால் வரியையும் காணோம். பார்த்துவிட்டான், நான் ஓடி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போய்விட்டான் என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். இரண்டாம் தடவை நான் ஓடவில்லை. ஜன்னல் ஓரம் நின்று மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஆள் தெரியவில்லை, வரி மட்டும் இருந்தது, பத்து நிமிஷம். மூன்றாம் தடவை பங்குனி வெயிலில் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெயிலில் நிற்காத, நிழலுக்குப் போ என்றுகூடச் சொன்னேன், யாரிடம் சொன்னேனோ. மூன்றுமே வெள்ளிக்கிழமை. மூன்றுமே பதினோரு மணி வாக்கில். உலகுவிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது என்று என்னோடே வைத்துக்கொண்டேன்.

இந்த மூன்று வரியிலிருந்து நான் அவனுக்கு ஒரு வாழ்க்கையே கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்றால் ஏதோ பட்டறையில் இருக்கிறான், ரொம்பத் தூரமாக இருக்காது, மதுரையாக இருந்தால் வந்துவிட்டுத் திரும்ப முடியும், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு பஸ் ஏறினால் பதினோரு மணிக்குச் சரியாக வரும். பதினோரு மணிக்கு நான் நூலகத்தில் இருப்பேன் என்பது அவன் கணக்கு, நான் நூலகத்தை விட்டு ஒரு வருஷம் ஆயிற்று என்பது அவனுக்கு எப்படித் தெரியும். அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறான், வாசல் வரை வருகிறான், அதற்கு மேல் கால் வரவில்லை. முனை டீக்கடையில் விசாரித்தேன். "ஒரு பையன் வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தானா?" என்றால் "ஆமாண்ணே, உக்காந்திருந்தான்" என்றார் கடைக்காரர். "ஒல்லியா, மாநிறமா?" "ஒல்லியாத்தான் இருந்தான்." "தாடி வச்சிருந்தானா?" "லேசா வச்சிருந்த மாரித்தான்." தொப்பி போட்டிருந்தானா என்று கேட்டிருந்தாலும் ஆமாம் என்றிருப்பார், கொம்பு முளைத்திருந்ததா என்றாலும் சின்னதாக இருந்தது என்றிருப்பார், நல்ல மனுஷன். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன். ஆகவேதான் இந்த ரவுட்டர். பழைய கம்ப்யூட்டரை இப்படி மாற்றினால் ஆறு மாதத்து வரத்துப் போக்கை அது எழுதிவைக்கும் என்று ஒருவர் போனில் வீடியோ போட்டுச் சொன்னார், அதை இருபது தடவை பார்த்தேன். நான் தூங்கினாலும், வெளியே போனாலும், ஏன், நான் செத்தே போனாலும் இது எழுதி வைக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நெட்டின் பேரும் பாஸ்வேர்டும் பழையபடியே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவன் தெருவுக்குள் கால் வைத்ததும் அவன் போன் அவனைக்கூடக் கேட்காமல் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு எழுத்துப் பிசகினாலும் யாரோ வீடு என்று தாண்டிப் போய்விடும். அப்புறம் அவன் வந்தானா வரவில்லையா என்று எனக்குத் தெரிய வேறு வழியே இல்லை.

பேர் சுலபம். 'வீடு'. பேர் என்ன வைக்க என்று அவன் கேட்டபோது வீட்டுக்கு வீடு என்று வையேன்ல என்று நான்தான் சொன்னேன், அது இன்னும் உலகுவின் போனில் கண்ணுக்குத் தெரிகிறது. பாஸ்வேர்டுதான் கழுத்தை அறுக்கிறது. அன்றைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. வெள்ளை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க, எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது" என்று கேட்டான். அடுக்களையில் மாவும் கையுமாக இருந்த உலகு, "கொளுக்கட்டை" என்று கத்தினாள். அவனும் சிரித்துக்கொண்டே அதையே அடித்துவிட்டான். எல்லா போனிலும் அவனே போட்டுக் கொடுத்தான். நான் போனில் ஒரு தடவைகூட அதை அடித்ததில்லை. தமிழில் எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன், கொ, ழு, க், க, ட், டை, ஆறு எழுத்து. இங்கிலீஷில் எத்தனை? ழுவுக்கு எல் போட்டானா, இசட்டும் எச்சும் போட்டானா. க்க என்பதற்கு ஒரு கே-யா இரண்டு கே-யா. ட்டைக்கு ஒரு டி-யா, இரண்டா, இல்லை அந்த இன்னொரு டி-யா. கடைசியில் ஏ, ஐ-யா, ஏ, ஒய்-யா, வெறும் ஈ-யா. நேற்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன், முப்பத்தாறு கொழுக்கட்டை வந்தது. சதுர்த்திக்குக்கூட இவள் இத்தனை அவித்ததில்லை. என் போன் கேட்டால் சொல்லியிருக்கும், அதில் பார்க்க வழி இருக்கிறதாம். ஆனால் டப்பா எரிந்த அன்றைக்கு, என்னவோ நோண்டப் போய், 'மறந்துவிடு' என்று ஒரு பொத்தான் வந்தது, எதை மறக்கச் சொல்கிறது என்று யோசிப்பதற்குள் விரல் பட்டுவிட்டது. உடனே மறந்துவிட்டது. ஒரு தடவை தொட்டதற்கே அப்படி. உலகுவின் போன் அரதப் பழசு. அதற்குப் பாஸ்வேர்டு தெரியும், ஆனால் வாயைத் திறந்து சொல்லாது. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், சரியானது வந்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

எல்-லில் ஆரம்பித்தேன். காசி எல்தான் போட்டிருப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கு ழ வராது. எங்கள் ஊர்ப்பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு வராது, மழையை மளை என்பான், பழத்தைப் பளம் என்பான், உலகுவும் அப்படித்தான். நான் மட்டும் இந்த விஷயத்தில் பேய். எக்ஸ்சேஞ்சில் எனக்கு 'ழகரம்' என்றே பட்டப்பேர். இரண்டாம் வகுப்புப் படித்த பிள்ளையை உட்காரவைத்து, நாக்கை மடக்குல, மேல தொடாத, மேல தொடாம மடக்கு, சொல்லு, ழ, சொல்லு என்று வாயிலிருந்து எச்சில் ஒழுகும்வரை சொல்லவைத்திருக்கிறேன். அது சொல்லும், ள. மறுபடி சொல்லும், ள. கண்ணில் தண்ணீர் நிற்கும், ஆனாலும் சொல்லும். எட்டு வயசுப் பிள்ளைக்கு எதற்கு அத்தனை ழ. வளர்ந்த பிறகு வேண்டுமென்றே என் முன்னால் ள போட்டுப் பேசுவான். "அப்பா, மளை வருது, குடை எடுத்துக்கோங்க." அந்தக் கோபத்தில் எல்தான் போட்டிருப்பான். முதல் கொழுக்கட்டையை அடித்தேன், சேமித்தேன், இரண்டு கொம்பும் ஒருமுறை அணைந்து எழுந்தன. அடுக்களைக்குப் போய் உலகுவின் போனில் நெட்டை அணைத்துப் போட்டேன். இணைக்க முடியவில்லை. திரும்ப வந்து அடித்தேன். திரும்பப் போனேன். ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. ஆறாவது தடவை போனபோது உலகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன செய்யுதீய? குட்டி போட்ட பூனை மாரி சுத்திச் சுத்தி வாரீய?" என்றாள். "பாஸ்வேர்டு எப்படி எழுதுனான்னு தெரியல." "கொளுக்கட்டைய எப்படி எழுதுனா என்ன? திங்கிறதுக்கா?" என்று சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வீட்டில் சிரித்தால் இரண்டு பேருக்கும் உடனே குற்றம் செய்த மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆனி பிறந்தால் குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வந்து தெருவையே ஊறப் போட்டுவிடும், இன்றைக்கும் வெள்ளிக்கிழமை, அவன் வந்தால் நனைவான் என்று நினைத்துக்கொண்டே ஏழாவதை அடித்தேன்.

ஏழு. எட்டு. இந்தப் பெட்டிக்குள் இருந்ததை எல்லாம் நான்தான் நேற்று அழித்தேன். ரவுட்டர் ஆக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் அத்தனையும் அழியும் என்று அது இரண்டு தடவை எச்சரித்தது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அவன் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகப் பொறுக்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் இது. உள்ளே என்ன வைத்திருந்தான் என்று இந்தப் பதினேழு மாதத்தில் என்னால் பார்க்க முடியவில்லை, திறந்தால் அதற்கும் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அதற்கும் கொழுக்கட்டை போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. போட்டோ இருந்திருக்கும். எவளுக்காவது எழுதியிருப்பான். என்னைத் திட்டி எழுதியிருந்தால்கூட அவன் கையால் எழுதியது அல்லவா. அரை மணி நேரம் அந்த 'ஆம்' முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு அழுத்தினேன். திறக்க முடியாத அறை இருந்தால் என்ன, இடிந்தால் என்ன, ஆள் வாசலுக்கு வருவது தெரிந்தால் போதும் என்று என்னவோ ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அழித்து முடிந்ததும் திரை கறுப்பாக நின்றது. ஒன்பது. பத்து. இணைக்க முடியவில்லை. ஒருவேளை பின்னால் ஒரு நம்பர் சேர்த்திருந்தால்? பிறந்த வருஷம், வீட்டு நம்பர், வண்டி நம்பர்? அப்படியானால் முப்பத்தாறு இல்லை, கணக்கே இல்லை, இந்த ஜென்மத்துக்கு அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பதினொன்று. அந்தச் சாப்பாடு ஞாபகம் வருகிறது, எதை அடித்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. தைப் பொங்கலுக்கு மூன்றாம் நாள், கறிச் சோறு, உலகுவின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. வரிசையாக இலை போட்டிருந்தது, காசி கடைசி இலை. மச்சான் எலும்பைக் கடித்துக்கொண்டே, "காசி இப்ப என்ன செய்யுதான்?" என்றார், சும்மா வாய் வார்த்தைக்குத்தான். நான் சொன்னேன், "அவனா? அவன் டெட் லைன்." எங்கள் துறையில் அது தினம் புழங்கும் சொல். கம்பி இருக்கும், கம்பம் இருக்கும், வீட்டில் போனும் இருக்கும், காதில் வைத்தால் டோன் இருக்காது, அதுதான் டெட் லைன். நான் அதோடு விட்டேனா, விளக்கமும் சொன்னேன், "எல்லாம் இருக்கும், ஒண்ணுக்கும் உதவாது." எல்லாரும் சிரித்தார்கள். காசியும் சிரித்தான். மோர் வரைக்கும் இருந்து சாப்பிட்டான், இலையை மடித்தான், எல்லா இலையையும் அவனே எடுத்தான். மறுநாள் காலையில் ஆள் இல்லை. இந்தக் கம்ப்யூட்டரின் கீபோர்டு மேல் ஒரு துண்டுச் சீட்டு, 'தேடாதீங்க' என்று ஒரே சொல். இருபத்திநாலு வயசு ஆயிற்றே, மேஜர், தானாகப் போனவனை நாங்கள் என்ன செய்ய என்றார்கள் ஸ்டேஷனில். தெருவில், "காசி காசிக்கே போயிட்டானோ?" என்று ஒருவர் கேலி பேசினார், காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பது அவனுக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா. அன்றைக்கு எனக்கு இருந்த வீம்பில் உலகுவிடம் கத்தினேன், அவன் சாமான் ஒன்றுகூட என் கண்ணில் படக் கூடாது, பட்டால் கிணற்றில் போடுவேன் என்று. சட்டை, செருப்பு எல்லாவற்றையும் அவள் எங்கோ மூட்டை கட்டி வைத்தாள். இந்தப் பெட்டியைத் தூக்க அவளால் முடியவில்லை, அதனால் இது மிஞ்சியது. அவன் நம்பருக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். முதலில் அவளோடு சண்டை போட்டேன், இப்போது பழகிவிட்டது.

பதினாறு. பதினேழு. முட்டி வலிக்கிறது. பதினெட்டு, அதோடு எல் தீர்ந்தது. அடுக்களையில் போனைப் பார்த்துவிட்டு நின்றேன். உலகு அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் பதினோரு மணிக்கு எலுமிச்சம்பழ மூடியில் துர்க்கைக்கு விளக்குப் போடுவாள், அவன் போனதிலிருந்து ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. "கெடைக்கலையா?" என்றாள். "கெடைக்காது போல." "கெடைக்கும். துர்க்கைக்குப் போடுதேன்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பீரோ அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம், பிறகு பீரோ திறக்கும் சத்தம், திரிநூல் எடுக்கிறாள் போலிருக்கிறது. நான் வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தேன். இனி ழ. அவன் போட்டிருக்கவே மாட்டான் என்று நான் கடைசிக்கு ஒதுக்கிய பதினெட்டு. கண்ணை மூடிக்கொண்டு, நானாக இருந்தால் எப்படி எழுதுவேன், அவனை உட்காரவைத்து எப்படிச் சொல்லித்தந்தேன் என்று நினைத்து, கே, ஓ, இசட், எச், யூ, கே இரண்டு, ஏ, டி இரண்டு, ஏ, ஐ, ஒற்றும் ழவும் ஒன்றுகூடக் குறையாமல் பன்னிரண்டு எழுத்தும் அடித்தேன். மறுபடி எழுந்து நடக்கத் தெம்பில்லை, பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பு அணைந்தது. எழுந்தது. வெறும் வெள்ளைத் திரை. பிறகு ஒரு வரி வந்தது. அம்மா.

ழ போட்டிருக்கிறான். என் முன்னால் மளை, பளம் என்று வம்பு பண்ணிவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில், வெறும் புள்ளி புள்ளியாக மட்டும் தெரிகிற இடத்தில், நான் சொல்லிக்கொடுத்தபடி ஒற்று விடாமல் எழுதியிருக்கிறான். ஐந்து வருஷமாக அது இந்த வீட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. இவனையா டெட் லைன் என்றேன். ஏல காசி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொல்லி வாய் மூடவில்லை, அம்மாவுக்குக் கீழே இரண்டாவது வரி வந்து உட்கார்ந்தது. காசி. நாலு எழுத்து. பதினொன்று ஏழு. அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெருவில் நின்றேன், காலில் செருப்பு இல்லை, சாரல் பனியனை நனைத்தது. டிரான்ஸ்பார்மர். நாய் இல்லை. முனையில் குடைக்குள் யாரோ, அது ஒரு பெண். "காசீ" என்று கூப்பிட்டேன், கௌரவம் பார்க்காமல் கத்தினேன், எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது. டீக்கடைக்காரர் அங்கிருந்தே கையை விரித்தார். இந்தத் தடவை அவரும் ஆமாம் என்று சொல்லவில்லை. ஓடி வந்து பார்த்தேன், போயிருப்பான், வரி அழிந்திருக்கும் என்று. அழியவில்லை. அப்போதுதான் கவனித்தேன், வரிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள். பழைய டப்பா இதெல்லாம் காட்டியதில்லை. ஒவ்வொரு போனுக்கும் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று இந்தப் பெட்டி கோடு போட்டுக் காட்டுகிறது. இரண்டு சுவர் தள்ளி அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்கு மூன்று கோடு. காசிக்கு ஐந்து. முப்பத்தோரு வருஷம் லைனில் கிடந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அடுக்களையைவிடப் பக்கத்தில் இருக்கிறான். தெருவில் இல்லை, திண்டாட வேண்டாம், வீட்டுக்குள் இருக்கிறான். பின்வாசல் வழியாக வந்துவிட்டான், அம்மாவிடம் வந்துவிட்டான், நான் தெருவில் பைத்தியக்காரன் மாதிரி கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்துவிட்டான். அவள்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள். ஏதாவது சொல்லிவிடக் கூடாது, வா என்று மட்டும் சொல்ல வேண்டும், சாப்பிட்டியா என்று கேட்க வேண்டும், வேறு எதுவும் வாயில் வந்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

எலுமிச்சம்பழ மூடியில் சுடர் நின்று எரிந்தது. பீரோ திறந்திருந்தது. உலகு தரையில், பிளக் பாயிண்டுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு போன், அதிலிருந்து வெள்ளை ஒயர் சுவருக்குப் போனது. அறையில் வேறு யாரும் இல்லை. கதவுக்குப் பின்னாலும் பார்த்தேன், கட்டிலுக்கு அந்தப் பக்கமும் பார்த்தேன். அவள் முந்தானையை எடுத்து மடியை மூடினாள். "வையாதீய" என்றாள். "அவன் போனு. சிம்ம மட்டும் கழத்திக்கிட்டு இத விட்டுட்டுல்லா போயிருக்கான். தலையணைக்கு அடியில கெடந்துச்சு. கெணத்துல போட்டுருவேன்னு சொன்னீய, அதான் எடுத்து ஒளிச்சு வச்சேன்." "எத்தன நாளா?" "போன அன்னையிலருந்துதான். சும்மா கெடந்தா பேட்டரி செத்துருமாம்லா. வெள்ளிக்கிளம வெளக்கு போடும்போது ஆன் பண்ணி கொஞ்சம் சார்ஜ் போட்டு, திரும்ப அணைச்சு வச்சிருவேன். வந்து என் போனு எங்கம்மான்னு கேட்டான்னா, செத்துப் போச்சுன்னா குடுக்க முடியும்?" முந்தானைக்குள் வெளிச்சம் தெரிந்தது. "படம் பாக்கியா?" என்றேன். "தொறக்கத் தெரியாதுல்லா. மேல ஒரு பைக் படம் வருது, அதத்தான் பாப்பேன். யாரு பைக்குன்னு தெரியல" என்று மூடியதை எடுத்துக் காட்டினாள். சிவப்பு பைக். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பட்டறையும், வெள்ளிக்கிழமை விடுமுறையும், மதுரை பஸ்ஸும், வெயிலில் நின்ற நாற்பது நிமிஷமும், நான் சொன்ன நிழலும் ஒவ்வொன்றாக வந்து அந்த ஒயர் வழியாகச் சுவருக்குள் போயின. அவன் ஒரு நாளும் வரவில்லை. பதினேழு மாதத்தில் ஒரு நாள்கூட இந்தத் தெருப் பக்கம் அவன் வரவில்லை.

"நீங்க எதுக்கு தெருவுக்கு ஓடுனீய? யாரக் கூப்பிட்டீய?" என்று கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசை. "தபால்காரர்னு நெனச்சேன்" என்றேன். "நெட்டு வந்துட்டா?" "வந்துட்டு." "எப்படி எளுதியிருக்கான்?" "ழ போட்டு." அவளுக்கு அது விளங்கவில்லை, சரி என்று தலையாட்டினாள். "எம்பது ஆயிட்டு, நான் எடுத்துருதேன்" என்று ஒயரைத் தொட்டாள். "எடுக்காத. கெடக்கட்டும், நூறு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஃபேன் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வரியும் இருந்தன. டோன் இல்லாத லைனுக்குத்தான் எங்கள் துறையில் டெட் லைன் என்று பேர். டோன் இருந்து, லைனும் சுத்தமாக இருந்து, மறுமுனையில் எடுக்க ஆள் இல்லாததற்கு நாங்கள் பேர் எதுவும் வைக்கவில்லை, அது பழுது கணக்கில் வராது, பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். சாப்பிட வாங்க என்று உலகு இரண்டு தடவை கூப்பிட்டாள். இந்தா வாரேன் என்றேன். இரண்டாவது வரி பன்னிரண்டு ஐந்து வரைக்கும் இருந்தது. காசி வெளியேறிய நேரம் பன்னிரண்டு ஐந்து என்று பெட்டி எழுதிக்கொண்டது.